எட்டுச் சுற்றில் ஒன்று குறைவு

தாயி,

இந்தக் கடிதத்தோடு ஒரு அட்டைப்பெட்டியும் வந்திருக்கும். அதை இப்போதே பிரிக்காதே. அம்மா எலுமிச்சை ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்துக் கத்தரிக்கோலைத் தேடுவாய், எனக்குத் தெரியும். ஊறுகாய் இல்லை. கடிதத்தைப் படித்து முடி, பிறகு பிரி. பிறந்தநாளுக்குக்கூட இரண்டு வரி எழுதாத அப்பா இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாரே என்று பயப்படவும் வேண்டாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, அதற்கு உன் அம்மா தினமும் பாகற்காய் வைத்துப் பழிவாங்குகிறாள்.

போன வாரம் நீ அம்மாவோடு பேசியபோது அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ட்ரோன் செய்யும் கம்பெனி ஒன்றில் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதையும், புது மெஷின்கள் விவசாயி கைக்குப் போவதற்கு முன்னால் அவற்றைப் பறக்கவிட்டுச் சோதிக்கும் வேலை என்பதையும், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் கேட்டேன். கோயம்புத்தூரில் ஸ்டோர் ரூமுக்குள் உட்கார்ந்து உதிரிபாகப் பெட்டிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நல்ல காலம் பிறந்தது என்று சோறு நன்றாக இறங்கியது. அப்புறம் நீ சொன்னாய்: "வேணாம்மா. முடியாதுன்னு சொல்லிரலாம்னு இருக்கேன். எனக்கு அந்தக் கை இல்ல. சித்தப்பா கையப் பாழாக்குன கை இது." அம்மா, "ஒனக்குப் பிடிக்கலன்னா விட்டுரு தாயி" என்றாள். அதற்குமேல் எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துவிட்டேன்.

உன் சித்தப்பாவின் கையைப் பாழாக்கியது உன் கை இல்லை. என் கை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்லும்போதே நீ "பரவால்லப்பா" என்று சொல்லிவிடுவாய், அதைக் கேட்டதும் மீதியை நான் விழுங்கிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். சுருளிப்பட்டி ரோட்டுக் கடையில் முப்பது வருஷமாக நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார், எது எரிந்துபோய் வந்தாலும் பழைய கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுச் செப்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து ஓட்டிக் கொடுத்துவிடுவேன். "அண்ணே கட்டுனா அடுத்த தலைமுறைக்கும் ஓடும்" என்று கூடலூரிலிருந்தெல்லாம் கொண்டுவருவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிருந்தது. கிணற்று மோட்டாரில் கம்பி இறங்கும் ஒரு குழிக்கு நாற்பது ஐம்பது சுற்று போகும். எண்ணிக்கொண்டே வரும்போது யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் ஒன்று விட்டுப்போகும். "ஒரு சுத்து கூடக்கொறைய இருந்தா தண்ணி மேல ஏறாமலா நிக்கும்?" என்று சிரித்துக்கொண்டே அடுத்த குழிக்குப் போய்விடுவேன். உண்மையிலேயே தண்ணீர் ஏறத்தான் செய்தது. அதனால் அந்தப் பேச்சு எனக்கு வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது.

நீ முதன்முதலில் உள்ளங்கை அகலத்துக்குச் சின்ன ட்ரோன் ஒன்றைக் கல்லூரியிலிருந்து கொண்டுவந்தபோது நான் கேலி செய்தது நினைவிருக்கிறதா? அதன் மோட்டாரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என்னா, கம்மலுக்குத் திருகாணி மாதிரி இருக்கு" என்றேன். என் தொழிலில் கனம்தான் பலம். மோட்டாரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டுமென்றால் அது நல்ல மோட்டார். நீயோ ஒரு திருகாணியை எடைபோட்டுப் பார்த்து, அதற்குப் பதில் பிளாஸ்டிக்கில் ஒன்று கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தாய். இரண்டு விசிறி இடமாகவும் இரண்டு வலமாகவும் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் உடம்பே பம்பரம் மாதிரி சுற்ற ஆரம்பித்துவிடும் என்று நீ சொன்னதை மட்டும் ரசித்தேன். மற்றதெல்லாம் பிள்ளை விளையாட்டு என்றுதான் எண்ணினேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது சித்தப்பா வயல். திராட்சைப் பந்தலுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கும் நெல் வயலில் பயிர் இடுப்பளவு நின்றது. வரப்பில் நின்று பார்த்தால் பச்சைப் பசேலென்று இருந்தது. நீ அந்தச் சின்ன ட்ரோனை மேலே ஏற்றி, படத்தைப் பெரிதாக்கிச் சித்தப்பாவிடம் காட்டினாய். நடு வயலில் தட்டு அகலத்துக்கு இரண்டு வட்டம் காய்ந்து கிடந்தது. சித்தப்பா பார்த்த மாத்திரத்தில், "ஏலே, பொகையான் எறங்கிருச்சு" என்று கத்தினார். தூரைப் பிரித்துப் பார்த்தால் அடியில் பூச்சி மொய்த்துக்கொண்டிருந்தது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் வயலே நெருப்பு வைத்தது போல ஆகியிருக்கும். அன்று முதல் சித்தப்பா ஊர் முழுக்க, "எங்கண்ணன் மக கண்ணு வானத்துல இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

பிறகு நீ பறக்கவிடும் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்து, மருந்தடிக்கும் ட்ரோன் ஒன்றைக் கடையின் பின்கட்டில் செய்ய ஆரம்பித்தாய். ஐந்து லிட்டர் தொட்டி, மடக்கக்கூடிய கைகள், கீழே தெளிக்கும் குழாய். திராட்சைப் பந்தலுக்கு இது சரிப்படாது, மேலே அடித்தால் கீழே தொங்கும் குலைக்கு மருந்து போகாது, நெல்லுக்கும் வாழைக்கும்தான் என்று நீயே தெளிவாகச் சொன்னாய். ஆகாது என்பதை ஆகாது என்று சொல்லும் அந்தக் குணம் என்னிடம் இல்லை. உனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அப்போது நீ ஆறு மோட்டார் வைக்க வேண்டும் என்றாய். நான், "நாலு போதும். மாடு நாலு கால்லதான நிக்கிது?" என்றேன். நீ, "மாட்டுக்கு ஒரு கால் போனாலும் மூணு கால்ல நிக்கும்ப்பா. இது நிக்காது. ஆறுல ஒண்ணு போனா மத்த அஞ்சும் தாங்கி எறக்கிரும்" என்றாய். "எல்லாம் பெத்தவன் சொல்றதக் கேளு" என்று வாயை அடைத்துவிட்டேன். நாலோடு நின்றது. அது என் முதல் தப்பு. ஆனால் அது உனக்குத் தெரிந்த தப்பு.

தெரியாத தப்பு இனிமேல்தான். அந்த ஆவணியில் மூன்றாம் நம்பர் மோட்டாருக்குள் மருந்துத் தண்ணீர் இறங்கிக் காயில் போய்விட்டது. நீ சென்னைக்குப் புது மோட்டாருக்குச் சொல்லிவிட்டாய், வர பத்து நாள் ஆகும் என்றார்கள். சித்தப்பா வயலில் இலைச்சுருட்டுப் புழு. அவர் காலையும் மாலையும் கடைக்கு வந்து, "என்னைக்கு அடிக்கலாம் தாயி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நீ கடையை விட்டுக் கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்தே சொன்னாய்: "அப்பா, அதக் கட்டிரலாம்னு நெனைக்காதீங்க. இது வேற. புதுசு வரட்டும்." என் மகள் என்னிடம், உன்னால் ஒரு மோட்டாரைக் கட்ட முடியாது என்று சொல்கிறாள். கம்பம் பள்ளத்தாக்கில் எவனும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நீ தேனியில் தோழி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாய். மத்தியானம் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே கம்பி சுற்றப் பன்னிரண்டு பல், பல்லுக்கு எட்டே எட்டுச் சுற்று. இதற்கா இவ்வளவு பேச்சு என்று சிரிப்பாக இருந்தது. அதே தடிமனில் என்னிடம் இருந்தது கிணற்று மோட்டார்க் கம்பி. அதன் மேல்பூச்சு கொஞ்சம் கனம். பதினோரு பல்லில் எட்டும் ஏறியது. ஒரு பல்லில் எட்டாவது சுற்றுக்கு இடம் இல்லை. மூங்கில் சிம்பை வைத்து நெருக்கித் தள்ளினேன், போகவில்லை. அந்தச் சுற்றையே எடுத்துவிட்டேன். ஏழோடு முடித்து, "ஒரு சுத்து கூடக்கொறைய இருந்தா என்ன" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மின்சாரம் கொடுத்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. கையை வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை. விசிறி மாட்டாமல், பாரம் இல்லாமல் ஓட்டினால் எந்த மோட்டார்தான் சுடும்? கிணற்றில் ஐம்பதில் ஒன்று போவது வேறு, எட்டில் ஒன்று போவது வேறு என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. நெருக்கித் தள்ளியபோது பக்கத்துக் கம்பியின் பூச்சு உரிந்திருந்ததையும் நான் பார்க்கவில்லை.

மேல்மூடியைத் துடைத்துப் புதுசு போல ஆக்கி மாட்டிவைத்தேன். சாயங்காலம் நீ வந்ததும், "தேனியில தெரிஞ்ச கடையில புது மோட்டார் ஒண்ணு கெடச்சிருச்சு, மாட்டிட்டேன்" என்றேன். நீ நம்பினாய். ஏன் நம்பமாட்டாய், அப்பன் சொல்கிறேன். பிள்ளை தோற்றாலும் பரவாயில்லை, தான் தோற்கக் கூடாது என்று நினைத்த அப்பன். மருந்து அடித்து முடித்து வந்ததும், "நான் கட்டினதுதான் தாயி அது" என்று சொல்லி உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் திட்டம்.

மறுநாள் மருந்தடிக்கப் போன காலையை நீ பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருப்பாய். நீ ஓட்டுவது ஒரு விதம், நான் ஓட்டுவது வேறு. வரப்பில் குச்சி ஊன்றி ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாய். ரிப்பன் தொங்கினால் பறக்கவிடலாம், படுத்துப் பறந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது உன் சட்டம். ஆடி போயும் காற்று போகவில்லை. ஒன்பது மணிக்கு ரிப்பன் பாதி எழுந்தது. "நிப்பாட்டிரலாம்ப்பா" என்றாய். "ஒரே நடைதான பாக்கி, முடிச்சிரு" என்றது நான். தொட்டியை நிரப்பி ஏற்றினாய். தென்னை உயரத்தில் திரும்பும்போது ஒரு மூலை சரிந்து, குப்புறக் கவிழ்ந்து, வாளியோடு நின்ற சித்தப்பா மேல் வந்தது. அவர் தலையைக் காப்பாற்ற வலது கையைத் தூக்கினார். தள்ளி நிற்கச் சொல்லி நீ கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. காற்றில் பறக்கவிட்டதால் விழுந்தது, அப்பா சொன்னாலும் நான் கேட்டிருக்கக் கூடாது என்று நீ முடிவு கட்டிக்கொண்டாய். ஊரும், "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், இதக் கொண்டு போயி..." என்று பேசி அதை உறுதிப்படுத்தியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ட்ரோனின் முறிந்த கை ஒன்று தனியாக வரப்போரம் கிடந்தது, மூன்றாம் நம்பர் மோட்டாரோடு. கிட்டே போகுமுன்பே வாசனை வந்துவிட்டது. காயில் கருகும் வாசனையை முப்பது வருஷமாக மோந்தவனுக்கு அது போதும். சேற்றிலிருந்து மோட்டாரை மட்டும் பிடுங்கி எடுத்தேன், சுட்டது. தோளில் கிடந்த துண்டில் சுற்றி மடியில் சொருகிக்கொண்டேன். அதன் பிறகுதான் என் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் நீ உன் துப்பட்டாவைக் கிழித்து அவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தாய். முடிச்சு ஒரே இழுப்பில் சரியாக விழுந்தது. அந்த இடத்தில் சரியாக வேலை செய்த கை உன் கை ஒன்றுதான்.

மறுநாள் நீ உடைசலையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு, "மூணாம் நம்பர் மோட்டார் எங்கப்பா?" என்று கேட்டாய். "சேத்துல போயிருச்சு. தேடிட்டேன், கெடைக்கல" என்றேன். பறத்தலைப் பதிவு செய்யும் பெட்டியும் தண்ணீர் புகுந்து செத்துப்போயிருந்தது. வேறு சாட்சி இல்லை. அம்மா உன்னைக் குச்சனூருக்குக் கூட்டிப்போய் எள் விளக்குப் போட வைத்தாள், உனக்கு ஏழரை நடக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். நானும் கூட வந்தேன். சன்னதியில் நின்று கும்பிடும்போது வெட்கமாக இருந்தது. சனீஸ்வரனா வந்து காயில் கட்டினான்? நான் கட்டினேன். அவர் பாவம், எல்லார் பழியையும் ஏற்றுக்கொண்டு கறுப்புத் துணியோடு நிற்கிறார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நீ ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாய். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். முதல் நாள் சொல்லாத உண்மையை இரண்டாம் நாள் சொல்வது கஷ்டம், பத்தாம் நாள் முடியவே முடியாது. கடமலைக்குண்டிலிருந்து ஒருவர் வாழைக்கு மருந்தடிக்கக் கூப்பிட வந்தார், "நான் இப்ப பறக்கவிடுறதில்லண்ணே" என்று நீ திருப்பி அனுப்பினாய். அப்போதும் நான் கடைக்குள் சுத்தியல் தேடுவது போல நின்றுகொண்டிருந்தேன். பிறகு நீ கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டாய். மூன்று ஆவணி போய்விட்டது.

ஸ்பீக்கரில் உன் பேச்சைக் கேட்ட மறுநாள் காலை சித்தப்பா தோட்டத்துக்குப் போனேன். திராட்சைக்குக் கவாத்து நடந்துகொண்டிருந்தது. அவர் இடது கையால் வெட்டிக்கொண்டிருந்தார். வலது கையில் இரண்டு விரல் மடங்காது, உனக்குத் தெரியும். பந்தலுக்கு அடியில் குனிந்து நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. கடைசியில், "தெரியும்ணே" என்றார்.

"என்னடா தெரியும்?"

"நீ துண்டுல சுத்துனது தெரியும். ரத்தம் கொட்டிக்கிட்டு அங்கன விழுந்து கெடக்கேன், நீ என்னயப் பாக்க வரல, அதப் பாக்கப் போன. அப்பவே நெனச்சேன், இதுல அண்ணன் வேல ஏதோ இருக்குன்னு."

"ஏன்டா இத்தன நாளு கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு இருந்தேன். புள்ளகிட்ட நான் சொன்னா அப்பன் மேல உள்ள மதிப்புப் போயிருமேன்னு விட்டுட்டேன். அது என் தப்பு." அப்புறம்தான் கத்தரியைக் கீழே வைத்தார். "எனக்கு ரெண்டு வெரலு போச்சு, இடது கையில பழகிட்டேன். அந்தப் புள்ளைக்குப் பத்து வெரலும் நல்லாருக்கு, மொடங்கிக் கெடக்கு. அதுக்கு என்னண்ணே பதில் சொல்லப் போற?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது வயதில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று அழுதேன். கூலிக்கு வந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, அது சரிதான். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பாகற்காய் மட்டும் தவறாமல் வருகிறது.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். அனுபவசாலி ஒருவன் உன்னிடம் "எனக்குத் தெரியும்" என்று சொன்னால், எதில் தெரியும் என்று திருப்பிக் கேள். என் முப்பது வருஷம் கிணற்றுக்குள் இருந்த முப்பது வருஷம். அதை வானத்தில் ஏற்றியது தப்பு. நாளைக்கு உன் கையில் புது மெஷின் வரும், செய்தவன் அருகில் நின்று "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்பான். அவனை நம்பாதே. பாரம் ஏற்றிப் பறக்கவிட்டுப் பார். ரிப்பனை நம்பு. ஆறு மோட்டார் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், பெற்றவனே குறுக்கே நின்றாலும் ஆறு வை. அந்த வேலைக்கு உன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று சொல்கிறேன். இதை நான் பாசத்தில் சொல்லவில்லை.

இப்போது பெட்டியைப் பிரி. இரண்டு பொட்டலம் இருக்கும். ஒன்று, நீ சென்னைக்குச் சொல்லியிருந்த புது மோட்டார். வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னாய், நான் சொல்லவில்லை. விழுந்த எட்டாம் நாள் வந்தது, உன் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தேன். அதன் சீல்கூட உடையவில்லை. இன்னொன்று, அந்தத் துண்டு. அவிழ்த்தால் மூன்றாம் நம்பர் மோட்டார் இருக்கும். மேல்மூடியைக் கழற்றிவைத்திருக்கிறேன். அடையாளம் எதுவும் போடவில்லை. ஒவ்வொரு பல்லாக எண்ணிக்கொண்டே வா. எட்டு, எட்டு, எட்டு என்று வரும். ஒன்றில் ஏழு வரும், அங்கேதான் கருகியும் இருக்கும். அது உன் அப்பன் கை.

சித்தப்பா ஒரு சேதி சொல்லச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "அடுத்த போகத்துக்கு என் வயல்லதான் மொதல்ல பறக்கவிடணும்னு சொல்லு. இந்தத் தடவ நான் தள்ளியே நிக்கிறேன்."

எண்ணி முடித்ததும் உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும், நான் கூப்பிட்டால் நீ எடுக்க வேண்டாம். அந்தக் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டால் மட்டும் எடுத்துவிடு.

அப்பா